மணிக்கு மூன்று நிமிடம்

டிசம்பர் பதினாறு. ஓசூரில் மத்தியானமும் குளிர்கிறது.
சிப்காட் இரண்டாம் கட்டம், டயர்க் கடைக்கு மேல் மாடி,
ஆள் அனுப்பும் கம்பெனி எங்களுடையது.
நாங்கள் எதையும் செய்வதில்லை.
செய்கிறவர்களை எண்ணுகிறோம்.

அடுத்த வருஷத்துக்கு இன்று ரேட் போட வேண்டும்.
ஓர் ஆள், ஒரு நாள்:
சம்பளம் ஐந்நூற்று இருபது.
பி.எஃப். அறுபத்தேழு அறுபது.
இ.எஸ்.ஐ. பதினாறு தொண்ணூறு.
போனஸ் நாற்பத்து மூன்றும் சில்லறையும்.
பண்டிகை, தேசிய நாள் ஒன்பதுக்கும் சேர்த்துப் பதினைந்து அறுபது
(யுகாதியா பிள்ளையாரா என்று லைனில் ஓட்டெடுத்தோம்,
பிள்ளையார் தோற்றார்).
ஈட்டிய விடுப்பு இருபத்தாறு.
அதன்மேல் எங்கள் ஏழு சதவீதம்.
எழுநூற்று முப்பத்தேழு ரூபாய், அறுபத்தெட்டு காசு.

"எழுநூத்தி இருபது" என்றார் ஃபேக்டரியின் பர்ச்சேஸ்காரர்,
போனில், தக்காளிப் பெட்டிக்குப் பேசும் குரலில்.

எங்கே வெட்ட?
பி.எஃப்.புக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது.
இ.எஸ்.ஐ.க்கு இன்ஸ்பெக்டர் இருக்கிறார்.
ஏழு சதவீதத்துக்குத் தனசேகர் சார் இருக்கிறார்.
"லீவு வரியை எடுத்துடும்மா.
இருநூத்தி நாப்பது நாள் யாரு தாண்டறாங்க?"

தாண்டுவதில்லைதான்.
நவம்பர் வந்தால் பெயர்கள் எல்லாம்
வேறொரு லைசென்சுக்குக் குடிபோகும்.
அதே கேட், அதே மெஷின், அதே ஷூ.
நாள் மட்டும் ஒன்றிலிருந்து.

சாக்கம்மா போகவில்லை.
அஞ்செட்டிக்காரி. ஆதாரில் சாக்கம்மா,
எங்கள் பட்டியலில் சக்கம்மா.
ஒரு கால் எழுத்து குறைந்ததால்
குடிபெயர்ப்பில் அவள் பெயர் சிக்கவில்லை.
நான் அடித்த பிழை அது.
நல்லதாக வேறெதையும் இந்த வருஷம்
நான் அடித்ததாக நினைவில்லை.

அவள் கேஸ் ஏஜென்சி காலண்டரைச் சுருட்டி வந்தாள்.
வேலைக்குப் போன நாளுக்கெல்லாம்
ஒரு ஸ்டிக்கர் பொட்டு, அரக்குச் சிவப்பு.
"எண்ணிப் பாருங்க. லெக்க சரியா இருக்கும்."
இரண்டு தடவை எண்ணினேன். இருநூற்று நாற்பத்தொன்று.
மெஷினில் இருநூற்று முப்பத்தெட்டு.

மூன்று நாள் எங்கே?
ஒரு நாள் மழையில் கரண்ட் போனது.
இரண்டு நாள் தின்னர் துடைத்துத் துடைத்து
விரலில் ரேகை இல்லை.
கண்ணாடி மேல் வைத்தாள், வைத்தாள்,
"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது.
எட்டு மணி நேரம் முயற்சித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இருபது நாளுக்கு ஒரு நாள் என்றால்
மணிக்கு மூன்று நிமிடம்.
அவள் துடைத்த ஒவ்வொரு மணிக்குள்ளும்
மூன்று நிமிட விடுமுறை மடித்து வைத்திருந்தது.
அதற்கு ஃபேக்டரி மாதாமாதம் பணம் கட்டியது.
பில் போட்டவள் நான். பணம் வந்தது,
இந்த மாடிப்படி வரைக்கும் வந்தது.
பன்னிரண்டு நாள். ஆறாயிரத்து இருநூற்று நாற்பது.
தனசேகர் சாரின் புது ஏ.சி. ஓடுகிறது,
இந்தக் குளிரிலும்.

மூன்று நாளையும் கையால் ஏற்றினேன்.
காரணம் கேட்டது கம்ப்யூட்டர், விடாமல்.
மின்தடை, மெஷின் கோளாறு, மறதி, பிற.
'பிற' என்று அழுத்தினேன்.
விவரம்: பொட்டு இருக்கிறது.

நாற்பத்தொன்று விழுந்ததும்
பக்கத்துக் கட்டத்தில் பன்னிரண்டு வந்தது,
யாரும் சொல்லாமலே.

போன் அடித்தது. "எழுநூத்தி இருபது ஆச்சா?"
"கூட்டிக்கிட்டே இருக்கேன் சார்."

சாக்கம்மா காலண்டருக்கு ரப்பர் போட்டாள்,
படி வரை போனாள், திரும்பினாள்.
"சின்னச் சின்னதா பச்சைப் பொட்டும் இருக்குதே,
அதைப் பாக்கலையா நீங்க?
அதெல்லாம் ஓவர்டைம்."